முப்பத்தாறு பூக்கல்லும் ஒரு கண்ணாடியும்

என் தங்கை வின்சி உட்கார்ந்தால் அவளுடைய இடது கால் ஆடும். கோட்டையூரில் எங்கள் வீட்டு பெஞ்சில் அவள் ஒரு முனையில் உட்கார்ந்தால், மறுமுனையில் வைத்த செம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். "கால நிப்பாட்டுடி, வீடு அதிருது" என்பார் அம்மா. நிறுத்துவாள். பத்து எண்ணுவதற்குள் மறுபடி அலை வந்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு அவள் நான்கு வேலைகளை விட்டாள். தட்டச்சு நிலையத்தில் ஐந்து மாதம், எஸ்.டி.டி. பூத்தில் மூன்று மாதம், ஜெராக்ஸ் கடையில் ஏழு வாரம், நர்சரிப் பள்ளியில் பதினொரு நாள். நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அதே மெஷின், அதே ஜன்னல் என்று எனக்குப் பதினாறு ஆண்டுகள் போயிருந்தன. ஒவ்வொரு வேலையையும் விட்டுவிட்டு வந்து அவள் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அக்கா, அங்குட்டுக் கத்துக்கிறதுக்கு இனி ஒண்ணும் இல்ல."

ஊரார் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் சிரித்ததில்லை. ஜெராக்ஸ் மெஷின் கெட்டுப்போனால் மதுரையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்காமல் அதைத் திறந்து சரிசெய்த பெண்ணை அந்தக் கடை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஐந்தாவது வேலை, காரைக்குடியில் அழகுசுந்தரம் அண்ணன் நடத்திய டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வேலை வரும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், கறுப்பு எழுத்து மட்டும் அடிக்கும் ஒரு பிரிண்டர். 1999 பிப்ரவரியில் சேர்ந்தாள். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி காலையில் இரண்டு கம்ப்யூட்டரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு தேதிக்காகவே காத்திருந்த வைரஸ் ஒன்று உள்ளே புகுந்திருந்ததாம். ஒன்றுக்கு போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. படங்களைத் திருத்த அண்ணன் யாரிடமோ நகலெடுத்து வைத்திருந்த மென்பொருளும் அதோடு போனது.

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது வின்சியின் கண் அவருடைய டீ கிளாஸ் மேல் போயிருக்கிறது. கிளாஸுக்கு அடியில் மேஜையில் கறை படாமலிருக்க ஒரு சிடி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்து, லினக்ஸ் என்று எழுதியிருப்பதைப் படித்து, மூன்று நாள் முட்டி மோதி இரண்டாவது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். அதற்குள்ளேயே படம் திருத்தும் மென்பொருள் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் கிம்ப். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட்ட மென்பொருள்.

அழகுசுந்தரம் அண்ணனுக்கு அது பிடிபடவே இல்லை.

"கோயில்ல குடுக்குற பொங்கலயே உப்பு இல்லைங்கிறான். ஓசியில வந்தது எப்புடிம்மா ஒழுங்கா வேல செய்யும்?"

"அண்ணே, நீங்க முன்னாடி வச்சிருந்ததும் காசு குடுத்து வாங்குனது இல்லையே."

"அது விலை உள்ள பொருளும்மா. நான்தான் குடுக்கல."

மதியச் சாப்பாடு கொடுக்கப் போன ஒரு நாள் அவள் அதில் வேலை செய்வதை நான் பார்த்தேன். திரையில் மங்கலான ஒரு படம். பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் சாய்வாக ஒரு கோடு. அந்தக் கோட்டை நடுவில் பிடித்து, நான் ரவிக்கைக்குக் கைக்குழி வரைவேனே அதுபோல மெல்ல வளைத்தாள். வளைக்க வளைக்க இருட்டிலிருந்து முகம் வெளியே வந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே பார்த்தேன். அவளுடைய இடது கால் ஆடவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என் பேச்சைக் கேட்டாள். "வெட்டுன துணிய ஒட்ட முடியாதுடி. முழுத்துணி ஒண்ணு எப்பவும் பத்திரமா இருக்கணும்" என்றேன். ஸ்கேனரிலிருந்து வந்த படத்தை, கை படாமல் அப்படியே 'பச்சை' என்று பெயரிட்ட இடத்தில் போட்டுவிடுவாள். வேகாத பச்சை. அதன் நகலில்தான் வேலை. அவசரக்காரியான அவள் இதில் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

ஜூலையில் பூமிநாதன் வந்தார். ஆத்தங்குடியில் பூக்கல் போடுகிறவர். தரையில் பதிக்கும் அந்தக் கற்களின் மாதிரிகளைச் சாக்கில் கட்டிச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய், வீடு கட்டுகிறவர்களிடம் காட்டுவது அவர் வழக்கம்.

"முதுகு போச்சு தம்பி. முப்பத்தாறு கல்லையும் ஒரு புத்தகமா அடிச்சுக் குடுத்துருங்க. ஆனா ஒண்ணு. செவப்புன்னா எங்க செவப்பு வேணும். புத்தகத்துல ஒரு நெறம், தரையில ஒரு நெறம்னா, பதிச்ச கல்லப் பேத்துத் தலையில போட்ருவாக."

அவர் எடுத்து வந்த போட்டோக்களில், சோதனைக்கு ஒரே ஒரு கல்லின் படத்தை ஸ்கேன் செய்து வின்சி திருத்தினாள். மதுரை அச்சகத்தில் அடித்து வந்த தாளைக் கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பூமிநாதன், மீதி முப்பத்தைந்து படங்களையும், பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கற்களையும் அவளிடமே கொடுத்துவிட்டார். செப்டம்பரில் அவர் சென்னை போவதற்குள் வேண்டும்.

வீட்டில் அப்போது வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் மாமா தைரியநாதன் திருப்பத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வின்சிக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். வருகைப் பதிவேடு, தபால், மணி அடித்தால் வீடு. செப்டம்பர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா முடிவாகச் சொன்னார்: "கல்லுப் படம் புத்தகமா வந்துச்சுன்னா இங்கயே இரு. வரலைன்னா மாமா சொல்ற எடத்துக்குப் போயிரணும்." அழகுசுந்தரம் அண்ணனும் ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தார். புத்தகம் நன்றாக வந்தால் இரண்டாவது கம்ப்யூட்டர் படவேலைக்கென்று அவளுக்கே. இல்லையென்றால் ஸ்கேனரை விற்றுவிட்டுப் பத்திரிகை அடிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஆகஸ்டில் அவளுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்ப்பதால்தான் என்றார்கள். திரைக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடி ஒன்று அப்போது கடைகளில் வந்திருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்லி விற்றார்கள். லேசான நீலக் கறுப்பு. நானே காரைக்குடிக் கடைவீதியில் மூன்று கடை ஏறி இறங்கி, கீறல் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். நானே மாட்டினேன். மேலே இரண்டு கொக்கி. பக்கவாட்டில் தூசி புகுந்துவிடக் கூடாதே என்று இரண்டு ஓரமும் வெள்ளை நாடா வைத்து ஒட்டினேன். அவள் கண்ணில் நீர் வடிவது நின்றது.

அவளைப் பார்த்தால் இது அந்த வின்சிதானா என்று இருந்தது. ஒவ்வொரு கல்லையும் மேஜை மேல் நிறுத்தி வைத்து, கல்லைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், கோட்டை ஒரு நூல் அளவு வளைப்பாள், மறுபடி கல்லைப் பார்ப்பாள். ஒரு சிவப்புக்கு ஒரு மணி நேரம். முப்பத்தாறையும் ஒரே சீராகக் கொண்டுவர, முதலில் செய்ததையும் மறுபடி திருத்தினாள். படங்களைக் கொடுத்தனுப்ப வேறு வழி இல்லாததால், கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்கையே கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினார் அழகுசுந்தரம் அண்ணன்.

செப்டம்பர் இரண்டு, வியாழன், பதினொன்றரை மணிக்கு மாதிரித் தாள்கள் வந்தன.

வின்சி அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்போடு உள்ளே வந்தாள். கையிலிருந்த ஒரு தாளை என் மெஷின் மேல் போட்டாள். சிவப்புக் கல் ஆரஞ்சாக இருந்தது. பச்சை, எலுமிச்சங்காய் நிறத்துக்குப் போயிருந்தது. வெள்ளையெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வெளுத்திருந்தது.

"முப்பத்தாறும் இப்புடித்தான்க்கா இருக்கு."

"அச்சகத்துல தப்பு பண்ணிருப்பாகளோ?"

"அதே மெஷின்ல வேற வேலையும் ஓட்டிருக்காக. அதெல்லாம் நல்லா இருக்கு. அண்ணன் சொல்லிட்டாரு, ஓசி மென்பொருள் ஓசி நெறம்தான் குடுக்கும்னு." அவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "பூமிநாதன் அண்ணன் செவ்வாக்கிழம சென்னைக்குப் போறாரு. படத்த மதுரைலயே வேற ஆளுகிட்ட குடுத்துக்கிறேங்கிறாரு."

அம்மா பீரோவைத் திறந்து வின்சியின் சான்றிதழ்கள் இருந்த ஃபைலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துணிச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் கையில் வேலை ஓடவில்லை. ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். பதினாறு ஆண்டில் அப்படிச் செய்ததில்லை. பத்து மணிக்கு மெஷினை மூடிவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

சென்டரில் வின்சி ஒரு சிவப்புக் கல்லை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேஜை ஆடிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதைக்கூடப் பார்க்கவில்லை.

"பாருக்கா. கல்லும் திரையும் ஒண்ணா இருக்கா இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லு."

நான் குனிந்து பார்த்தேன். நூல் கண்டு பொருத்துகிற கண் எனக்கு. எண்பது சிவப்பில் ஒன்றைப் பிரித்துச் சொல்வேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"இருக்கு."

"அப்ப தாள்ல மட்டும் ஏன் வேறயா வருது?"

அழகுசுந்தரம் அண்ணன் தூரத்திலிருந்து, "விடுத்தா. பட்டது போதும்" என்றார். அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என்ன செய்வது என்று தெரியாதபோது என் கை எதையாவது துடைக்கும். கண்ணாடியின் கீழ் ஓரத்தில், நாடாவை மீறி உள்பக்கம் தூசி படிந்திருந்தது. முந்தானையை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்க நாடாவையும் உரித்து, கண்ணாடியை அடியிலிருந்து மெல்லத் தூக்கினேன்.

"அக்கா, அசையாத!"

வின்சி கத்திய கத்தலில் அண்ணன் எழுந்துவிட்டார். நான் கண்ணாடியைப் பாதி தூக்கியபடி நின்றேன். திரையில் இருந்த கல்லின் மேல்பாதி, கண்ணாடிக்குப் பின்னால், நல்ல அடர்சிவப்பு. கீழ்ப்பாதி, கண்ணாடி இல்லாத இடத்தில், ஆரஞ்சு. மதுரையிலிருந்து வந்த தாளில் இருந்த அதே ஆரஞ்சு.

வின்சி கல்லை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறாள். படத்தை என் நீலக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி இருட்டாக்கியதைச் சரிக்கட்ட வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறாள். நீலம் ஏறியதைச் சரிக்கட்ட மஞ்சளை ஏற்றியிருக்கிறாள். எவ்வளவு கவனமாகப் பார்த்தாளோ அவ்வளவு துல்லியமாகத் தப்பு செய்திருக்கிறாள். முதலில் செய்த ஒற்றைக் கல் சரியாக வந்ததே, அன்றைக்கு நான் அந்தக் கண்ணாடியை வாங்கியிருக்கவில்லை.

"நான்தாண்டி மாட்டுனேன்" என்றேன்.

"ஆமா, நீதான் மாட்டுன. இப்ப நீயே கழட்டு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

அழகுசுந்தரம் அண்ணன் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது சரி, இது காசு குடுத்து வாங்குன சாமானாச்சே."

"அதாண்ணே" என்றாள் வின்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓசியில வந்தது ஒழுங்காத்தான் வேல செஞ்சிருக்கு."

உடனே 'பச்சை'யைத் திறந்தாள். முப்பத்தாறும் அங்கே கை படாமல் இருந்தன. திருத்திய படங்களை மறுபடி திருத்தினால் நிறம் பிசிறிப் போகும், அதனால் முதலிலிருந்து. வெள்ளி மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் அவள் கற்களை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்து, எது எந்தச் சிவப்பு என்று என்னைக் கேட்டுக் கேட்டுத் தாளில் குறித்தாள். அரக்கு, செம்மண், மிளகாய்ப்பழம், மாதுளை முத்து என்று நூல் கடையில் சொல்கிற பெயர்களையே சொன்னேன். மின்சாரம் வந்தது. ஒன்று. இரண்டு. ஐந்தாவதில் கம்ப்யூட்டர் நின்றுபோய் ஐந்தாவதையே மறுபடி செய்தாள். இரவு முழுக்கக் கண்விழித்ததில், சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு முப்பத்தாறாவது முடிந்தது. அண்ணன் துண்டை உதறி ஹார்ட் டிஸ்கைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அச்சகத்தில் அன்றே ஓட்டி, திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் மாதிரித் தாள்களைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பது நடந்து தீராத நாளாக இருந்தது. சர்ச் பூசையில் வின்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, பெஞ்சு ஆடியதில் தலைசுற்றி எழுந்து வேறிடம் போனார். சாயங்காலம் மாமா ஆள் சொல்லி அனுப்பினார்: பத்து மணி, ஒரு நிமிடம் பிந்தக் கூடாது.

திங்கட்கிழமை காலை எட்டுக்கெல்லாம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இருவரும் நின்றோம். வின்சியின் ஒரு கையில் சான்றிதழ் ஃபைல், மறு கையில் சாப்பாட்டுப் பை. என் பையில் ஒரு சிவப்புக் கல். அழகுசுந்தரம் அண்ணன் விஷயத்தைச் சொல்லி இன்னொரு முறை பார்க்கக் கேட்டுக்கொண்டதால் பூமிநாதனும் வந்திருந்தார். "சென்டர் வரைக்கும் எதுக்கு, இங்குட்டே பாத்துருவோம்" என்று மொபெட்டில் நான்கு கற்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எட்டரைக்கு வரவேண்டிய மதுரை பஸ் வரவில்லை. எட்டே முக்காலுக்குத் திருப்பத்தூர் பஸ் ஒன்று போனது. வின்சி ஏறவில்லை. ஒன்பது ஐந்துக்கு இன்னொன்று. ஏறவில்லை. ஒன்பது பதினைந்து பஸ்தான் கடைசி. அதை விட்டால் பத்துக்குப் போய்ச் சேர முடியாது. அது வந்து நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் மதுரைச் சாலை முனையைப் பார்த்தேன். லாரி ஒன்று வந்தது. மாட்டுவண்டி வந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்தாள்.

"ஏறுறியா எறங்குறியாத்தா? நேரமாச்சு" என்றார் கண்டக்டர்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிசம்."

"ஒரு நிமிசம்னு சொல்லித்தான் எங்க அத்தை மகளும் என்னை நிக்க வச்சுட்டுப் போனா" என்று அவர் விசிலை வாயில் வைத்தபோது மதுரை பஸ் திரும்பி உள்ளே வந்தது. வின்சி படியிலிருந்து குதித்தாள். நின்றும் நிற்காததுமாக இருந்த பஸ்ஸின் ஜன்னலில் கைநீட்டிச் சுருட்டிய பொட்டலத்தை வாங்கினாள். சணல் முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. நான் வாங்கிப் பல்லால் கடித்து அறுத்தேன்.

வெயில் விழுந்த சிமெண்ட் பெஞ்சில் தாளை விரித்தோம். பூமிநாதன் கல்லை அதன் பக்கத்தில் வைத்தார். பாட்டில் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றித் துண்டால் துடைத்தார். ஈரத்தில்தான் கல்லின் நிறம் முழுசாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. பார்த்தார். அடுத்த கல். பார்த்தார். நான்கையும் மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தார். மீதித் தாள்களைக் கண்ணாலேயே அளந்தார். பின்னால், மதுரை பஸ் வழியை மறித்து நின்றதால், திருப்பத்தூர் பஸ் உறுமிக்கொண்டே இருந்தது.

"ரெண்டுல பச்ச கொஞ்சம் தூக்கலா இருக்குத்தா. பதினொண்ணாவதும் இருபத்தேழாவதும்."

வின்சி திரும்பித் திருப்பத்தூர் பஸ்ஸைப் பார்த்தாள்.

"அத மட்டும் அமத்திக் குடுத்துரு. மத்ததெல்லாம் எங்க கல்லுதான்." பூமிநாதன் துண்டைத் தோளில் போட்டார். "எங்க கல்லே நெறத்தக் கண்ணாடி மேல ஊத்தித்தான் பொறக்குது. உனக்குத்தான் கண்ணாடி ஆகல போல. அழகுசுந்தரம் சொன்னாரு. இன்னைக்குள்ள ரெண்டையும் முடிச்சுருவியா? நாளைக்கு மதுரைல புத்தகத்த வாங்கிக்கிட்டு ராத்திரி வண்டி ஏறிருவேன். புதுசா பதினேழு டிசைன் போட்டுருக்கேன், வந்ததும் அதையும் ஆரம்பிச்சுரலாம்."

விசில் சத்தம் கேட்டது. திருப்பத்தூர் பஸ் புகையை எங்கள் மேல் விட்டுவிட்டுக் கிளம்பியது. நாங்கள் மூவரும் அது முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டுமே. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. மூன்று மாதத்தில் வின்சி விட்டுவிட்டு வந்த அதே பூத். அவள் உள்ளே வர மாட்டேன் என்றதால் நானே போய் நம்பரைச் சுழற்றினேன்.

"எங்க அவ? மணி ஒம்பதரை ஆகுது. பஸ்ஸ விட்டுட்டாளா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. விட்டுட்டா."

"அடுத்த பஸ்ஸுல வரச் சொல்லு. நான் பேசி வைக்கிறேன்."

"இல்ல மாமா. வேணும்னேதான் விட்டா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. அவர் பதில் சொல்வதற்குள் பூத்தின் கதவுக் கண்ணாடியில் விரல்முட்டியால் தட்டும் சத்தம். வெளியே வின்சி. தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கால் தரையில் நிற்காமல் ஆட, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்:

"சீக்கிரம் வாக்கா! பத்தரைக்குக் கரண்ட நிப்பாட்டிருவாக. பதினொண்ணாவதயாவது அதுக்குள்ள முடிக்கணும்!"